நைனா கட்டிய கம்பி

“அந்த மனுசன் கட்டுன கம்பில இன்னாத்தடி பேசப் போற? அவராண்டயா?”

அம்மா கேட்டபோது என் கையில் நைனாவின் ஸ்பேனர் இருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கோவில்பதாகை என்னும் எங்கள் ஊரில், வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் இரும்புக் கம்பம், கேபிள் டிவிக்காரர் ஒருவருக்காக அவர் நிறுத்தியது. கேபிள்காரர் போன பிறகும் கம்பம் நின்றது. அதை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளும் நின்றன. டவர் ஏறும் வேலை இல்லாத நாட்களில் நைனா ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிவிட்டுக் காது கொடுப்பார். தொய்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும், விறைப்பானது பாடும். அவர் இறந்த பிறகு, காற்றடிக்கும்போதெல்லாம் அவை தாமாகவே முனகின. சமையலறையில் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். மாடிக்கு வருவதையே விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தை அறுத்தெடுக்கக் காயலான் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தாள்.

எனக்கு அந்தக் கம்பம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தேர்வெழுதி, முகம் தெரியாதவர்களோடு வானலையில் பேசும் அமெச்சூர் ரேடியோ உரிமமும் வாங்கியவள். ஒரு ஸ்டே கம்பியின் மேல் முனையிலும், கீழே கை எட்டாத உயரத்திலும் மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கான் முட்டைகளைக் கோத்துவிட்டால், நடுவிலுள்ள நீளமே ஆன்டெனா. ஆனால் கோக்க வேண்டுமானால் கம்பியை அவிழ்க்க வேண்டும்.

நைனா போனதே அப்படித்தான். வேறொரு டவரின் உச்சியில் அவர் இருந்தபோது, கீழே யாரோ, பாரத்தைத் தாங்க மாத்துக் கயிறு கட்டாமலே ஒரு கம்பியை அவிழ்த்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஏறுவதற்கு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம்.

“மாத்துக் கயிறு கட்னியா?” என்றாள் அம்மா. கூட வேலை செய்பவர்களிடம் நைனா ஓயாமல் கேட்ட கேள்வி அது. கட்டியிருந்தேன். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“படிச்சவளாம். பூ கட்டுன மாரி கட்டி வெச்சுகீறா.”

அதை அவிழ்த்து, நைனா போடும் முடிச்சாகவே மறுபடி போட்டாள். நான் வேலையை முடித்து இறங்கும்வரை கயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

கம்பியைத் தட்டினேன். விறைப்பாகத்தான் இருந்தது, ஆனால் பீங்கான் புகுந்த பிறகு அதன் குரல் வேறு.

“சத்தம் மாறிப்பூட்ச்சேடி.”

மற்ற இரண்டும் அவர் விட்டபடியே இருக்கின்றன என்றேன். ஸ்பேனரை வாங்கி, இரண்டையும் தட்டிக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு காயலான் கடைக்காரருக்குப் போன் போட்டு, “நாளிக்கு வராதப்பா” என்றாள்.

அன்று மாலை ரேடியோவைக் கம்பியோடு இணைத்தேன். ஒரே இரைச்சல். பக்கத்தில் அம்மா, மடியில் ஸ்பேனர். உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்று கேட்டேன். பதிலைக் கேட்க, பேச்சுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

இருவரும் காது கொடுத்தோம்.