இறக்காத பால்குடம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. என் தங்கை விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்தால் ஆறு. ஆறும் தில்லியில்தான் ஆளாயின. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அதுவும் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு. ஆனால் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தைக் காலையில் திறந்து சாயங்காலம் பூட்டியவள் நான். சாவி என் இடுப்பில் இருந்தது. தலைமையாசிரியரே வந்தாலும் நான் வரும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும்.

தில்லியில் முனிர்கா என்கிற பேட்டைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தமிழிலேயே படிக்கலாம். பெரிய வகுப்புகளுக்குச் சிமெண்டு ஓடு போட்ட அறைகள், சின்ன வகுப்புகளுக்குக் கூடாரம். மேம்பாலம் கட்ட வந்தவர்கள், பங்களாவில் பாத்திரம் தேய்த்தவர்கள், ஆபீஸ் பியூன்கள், எல்லார் பிள்ளைகளும் அங்கேதான். நான் ஆயா. தண்ணீர் பிடிப்பேன், பாய் விரிப்பேன், வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடிப்பேன்.

குளிர் காலத்தில் யாரும் அறைக்குள் உட்கார மாட்டார்கள். வெயில் நகர நகரப் பாயும் நகரும். மத்தியானத்துக்குள் நாலாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கலந்து கிடக்கும். ஏழாம் வகுப்புக் கேள்விக்கு நாலாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லி அடி வாங்கும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தாய்மார் கூடுவார்கள். ஊரில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் கடிதம் வருவதற்கு முன்னால் அங்கே தெரிந்துவிடும்.

பாலங்கள் முடிய முடிய ஜனங்கள் வேலை தேடி வேறு பக்கம் போனார்கள். பாய்கள் குறைந்தன. பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி தலையெண்ண வருவார், ஆள் குறைந்திருந்தால் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு கிடையாது என்றார் தலைமையாசிரியர். என்றைக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது.

அப்போது என் கடைசி மகள் ஒன்பதாவது. ஹிந்தியில் காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டு ஜெயிப்பாள். கணக்கையும் சரித்திரத்தையும் ஹிந்தியில் எழுதச் சொன்னால் பேனா நகராது. பங்களா ஒன்றில் தோட்ட வேலை பார்த்த என் வீட்டுக்காரர் சோறு தின்றுகொண்டே முடிவைச் சொல்லிவிட்டார். பத்தாவது இல்லையென்றால் படிப்பு போதும், ஊரில் தன் அக்கா மகன் காத்திருக்கிறான், சித்திரை கழிந்ததும் முடித்துவிடலாம் என்றார். மகள் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். எதிர்த்துப் பேசியிருந்தால் அன்றைக்கே பேச்சு முடிந்திருக்கும், அவர் பக்கமாக.

எங்கள் சந்தில் சேலத்து அக்கா என்று ஒருத்தி இருந்தாள். அவள் வைத்ததுதான் சந்தில் சட்டம். தைப்பூசத்தன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் குன்றின் மேல் இருக்கிற முருகனுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தை அவன் பார்த்துக்கொள்வான் என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். பள்ளி நாளாயிற்றே என்று தலைமையாசிரியர் தயங்கினார். விடியற்காலையில் போய் மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவோம் என்று அக்கா அவர் வாயை அடைத்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்காக வேண்டிக்கொள்ள அந்தப் பள்ளிக்கூடத்தையே காலி பண்ணிவிட்டோம். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

அன்றைக்கு மூடுபனி. கேட்டைத் திறந்தால் வேப்பமரம் தெரியவில்லை. மணி அடித்தேன். காய்ச்சலில் படுத்து எழுந்த இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பனியில் ஊர்வலம் மெதுவாகத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி உயரமான ஆள். கழுத்தில் மப்ளர், கையில் சிகரெட், பின்னால் ஒரு கிளார்க். ஒவ்வொரு கூடாரத்தின் துணியையும் தூக்கிப் பார்த்தார். பிள்ளைகள் எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். வந்துவிடுவார்கள் என்றார் தலைமையாசிரியர். அவர் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் இருப்பேன், இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும் என்று அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தலைமையாசிரியர் கூடாரத்துக்குப் பின்னால் வந்து என் கையிலிருந்த கெட்டிலை வாங்கிக்கொண்டார்.

"ஆயாம்மா, டீயை நான் பாத்துக்கறேன். நீங்க ஓடுங்க."

அவருக்கு ஸ்டவ் பற்றவைக்கக்கூடத் தெரியாது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிரே வருகிற பஸ்ஸுக்கு வெளிச்சம் மட்டும்தான் இருந்தது, உடம்பு இல்லை. குன்று எங்கே என்று தெரியாமல் அரோகரா சத்தத்தை வைத்துத்தான் போனேன். அடிவாரத்தில் நல்ல கூட்டம். எங்கள் பிள்ளைகள் இன்னும் படியே ஏறவில்லை. மஞ்சள் துணி, வெறுங்கால், தலையில் குடம். என் மகளின் உதடு குளிரில் வெளுத்திருந்தது.

அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் உடனே வர வேண்டும் என்றேன். தாய்மார் முகமெல்லாம் மாறிவிட்டது. ஆனால் சேலத்து அக்கா வழியை மறித்து நின்றாள்.

"ஏத்துன கொடத்தை ஊத்தாம எறக்கக் கூடாதுடி. குத்தமாயிரும். நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஒன்பதாம் வகுப்பை மட்டும் அனுப்பலாம் என்றாள் ஒருத்தி. குற்றம் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று அந்த வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி பாய்ந்தாள். எனக்கு டீ கொதிப்பது கண்ணுக்குள் தெரிந்தது. பேச்சு பேச்சாகவே போய்க்கொண்டிருந்தது.

"எறக்க வேணாம் பெரிம்மா," என்றாள் என் மகள். "தலையிலயே இருக்கட்டும். இப்படியே போயி நின்னுட்டு, திரும்ப வந்து ஊத்துறோம்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வழியில எவளாவது எறக்குனீங்க, காலை ஒடிச்சிருவேன்."

வரும்போது ஓடி வந்தேன். திரும்பும்போது ஓட முடியவில்லை. ஜல்தி ஜல்தி என்று நான் கத்தினால் பால் தளும்புகிறது. மெதுவாக நடந்தால் அங்கே டீ தீர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் கழுத்து நடுங்கியது. தாய்மார் கூடவே நடந்து குடத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டார்கள், தொடாமல்.

பள்ளிக்கூடம் நெருங்கும்போது ஜீப் உறுமுவது கேட்டது. அவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடித் தண்டவாளத்தைத் தட்டினேன். அப்படி நான் என்றைக்கும் தட்டியதில்லை. ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு குடமாக வந்தது. யாரும் சொல்லாமலே வகுப்பு வாரியாக, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

இதையெல்லாம் கீழே வைக்கச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. என் மகள்தான் பேசினாள். இது நேர்ந்துகொண்ட பால், சாமிக்கு ஊற்றும்வரை இறக்கக் கூடாது, இந்தப் பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது என்றுதான் நேர்ந்துகொண்டோம் என்று ஹிந்தியில் மடமடவென்று சொன்னாள். கடைசியில், "ஸாப், ஆப் ஜல்தி கின் லீஜியே," என்றாள். நீங்கள் சீக்கிரம் எண்ணிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். காய்கறிக்காரனிடம் பேசுகிற அதே குரல். கிளார்க் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார்.

கடைசிப் பிள்ளைவரை நடந்தார். பிறகு ஒன்பதாம் வகுப்பின் முன்னால் வந்து மறுபடி எண்ணினார். ஒரு குடமும் இறங்கவில்லை.

ஜீப்புக்குப் பக்கத்தில் அவர் சொன்னதைத் தலைமையாசிரியர் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். கீழ் வகுப்புகளில் ஆள் போதாது, காப்பாற்ற முடியாது. ஆனால் இந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாவதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதோடு சரி. ஒரு வருஷம்.

பிள்ளைகள் திரும்ப நடந்து போய்ப் பாலை ஊற்றும்போது வெயில் வந்துவிட்டது.

சேலத்து அக்கா சாகும்வரை ஒன்றையே சொன்னாள். "நேராப் போயி ஊத்தியிருந்தா முழுசா குடுத்திருப்பான். பாதியில திரும்புனோம், பாதி குடுத்தான்." திரும்பியிருக்காவிட்டால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது என்பேன் நான். குழாயடியில் வருஷக்கணக்காக இந்தச் சண்டை. எனக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தன் வாயால் சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டவர். பத்தாவது இருந்தது, அதனால் கல்யாணப் பேச்சு நின்றது.

மறுவருஷம் கூடாரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரே ஒரு வகுப்பு, அவ்வளவு பெரிய மைதானம். வெயிலில் விரிக்க ஒரு பாய் போதும். பரீட்சை முடிந்த மறுநாள் பெஞ்சுகளை லாரியில் ஏற்றினார்கள். கடைசியாக ஒருமுறை அடியுங்கள் ஆயாம்மா என்றார் தலைமையாசிரியர். கேட்க யாரும் இல்லை, இருந்தாலும் அடித்தேன். சாவியைக் கொடுத்த பிறகு நடந்து வந்தபோது இடுப்பு லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் பாஸ் பண்ணினாள். தபால் ஆபீசில் வேலைக்குப் போனாள், தன் விருப்பப்படி கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தில்லியில் பிறந்த தன் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் எழுதப் பழக்கினாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தப் பேத்திதான்.

எழுதியது போதும்டி. முதலிலிருந்து படி, கேட்கிறேன். சத்தமாகவே படி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். நான் எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் கரண்டியோடு வருவாள்.