ஒற்றைப் பலகை ஞாயிறு

காலை ஏழு பத்து. யன்னலைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது தெரு நடுவே கிடந்த கம்பி வளையம். டயரை எரித்தால் ரப்பர் போய், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் மட்டும் சுருண்டு மிஞ்சும். சுற்றியிருந்த தார் கறுத்து மழையில் மினுங்கியது. அந்த ஆண்டில் இப்படியொரு வளையத்தைக் கண்டால், அதற்குள் மனித எலும்பு கிடக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. நானும் பார்த்தேன். இல்லை. எச்சரிக்கைக்காக எரித்த வெறும் டயர்.

அடுத்து எதிரே இருந்த பலசரக்குக் கடையைப் பார்த்தேன். முன்பக்கப் பலகைகளில் ஒன்று மட்டும் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஊர் கம்பளை. ஆண்டு எண்பத்தொன்பது. கிழமை ஞாயிறு. பிரதான வீதியில் ஒரு தையல் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தேன். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது என் தொழில். அந்த மாதங்களில் தொழில் இல்லை. பத்திரிகைகள் ஊருக்குள் வரக்கூடாது என்று சின்ன அரசாங்கம் தடை போட்டிருந்தது.

வடக்கில் நடந்த யுத்தம் வேறு. எங்கள் பக்கத்தில் நடந்தது சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. அவர்களைச் சனங்கள் சின்ன அரசாங்கம் என்றார்கள். பெரிய அரசாங்கம் பகலில் ஒலிபெருக்கி வைத்துக் கட்டளையிட்டது. சின்னது இரவில் சுவரில் கட்டளை எழுதிய துண்டு ஒட்டியது. அந்த ஞாயிறு எல்லாக் கடைகளும் பூட்டியிருக்க வேண்டும், திறப்பவனுக்குச் சாவு என்று துண்டு ஒட்டப்பட்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் இராணுவ ஜீப் ஒன்று வீதியில் மெதுவாகப் போய், எல்லாக் கடைகளும் திறந்திருக்க வேண்டும், பூட்டியிருப்பதை உடைத்துச் சாமான்களைச் சனம் அள்ளிக்கொண்டு போக விடுவோம் என்று அறிவித்தது. இரண்டு தரப்பும் சொன்னதைச் செய்யும். பிலிமத்தலாவையில் திறந்த ஒருவரைக் கடை வாசலிலேயே சுட்டிருந்தார்கள். பூட்டிய ஒருவருடைய கடையில் தராசுகூட மிஞ்சவில்லை. மகாவலி ஆற்றில் உடல்கள் மிதந்து வந்தன. பாலத்தில் நின்று பார்ப்பதைச் சனங்கள் விட்டுவிட்டார்கள்.

எதிர்க் கடையின் முதலாளி ஐம்பத்தைந்து வயதான முஸ்லிம். கனத்த உடம்பு. கல்லாவுக்குப் பின்னால் அவருக்கென்றே அகலமாகச் செய்த கதிரை இருந்தது. விற்பனையாளர் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த கத்தோலிக்கர். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில், கண்டியில் அவர் வேலை செய்த கடையை எரித்தார்கள். பின்சுவரில் ஏறிக் குதித்தபோது உடைந்த மணிக்கட்டு வளைந்தே பொருந்தியிருந்தது. சீனிச் சாக்கைத் தூக்கும்போது அந்தக் கையை அடியில் கொடுக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீதியில் கடை பூட்ட வேண்டும் என்பது விதி. ஆட்களை வேலைக்கு வைத்தால் அரசாங்கத் தொழிற் கந்தோர்க்காரர் வழக்குப் போடுவார். ஆனால் தோட்டத்துச் சனத்துக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அரிசி, மா, கருவாடு வாங்க அன்றைக்குத்தான் மலையிலிருந்து இறங்குவார்கள். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கடைக்கு முன்னால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, சட்டத்தில் வெட்டிய தவாளிப்பில் இறக்கிய பலகைகள்தான் கதவு. ஞாயிறு காலையில் ஓரத்துப் பலகை ஒன்றை மட்டும் எடுப்பார்கள். தெரிந்தவர்கள் உடம்பைத் திருப்பி, சாக்கை முன்னால் தள்ளி, அந்த இடைவெளியால் உள்ளே போவார்கள். தொழிற் கந்தோர்க்காரர் வந்தால் கடை பூட்டியிருக்கிறது, கூட்டித் துடைக்கிறோம். தோட்டத்து ஆள் வந்தால் திறந்திருக்கிறது. வீதி முழுவதும் அப்படித்தான். கந்தோர்க்காரரே அந்த இடைவெளியால் போய்த் தேயிலை வாங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விற்பனையாளருக்கு இந்த வழக்கத்தில் சம்மதமில்லை. அவர் ஞாயிறு கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டார்.

"வெள்ளிக்கிழம எடுங்க தம்பி. முழு நாளும் எடுங்க. நான் வேணாமெண்டு செல்லல்லயே" என்பார் முதலாளி.

"வெள்ளிக்கிழமை கோயில்ல யாரு முதலாளி இருக்கா? பாதரே இருக்க மாட்டாரு."

இந்தப் பேச்சு நடக்கும்போது கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். முதலாளியும் சிரிப்பார். ஞாயிறு மட்டும் கிடைக்காது.

அந்த வாரம் விற்பனையாளர் பகிடியாகக் கேட்கவில்லை. அவருக்கு மகள் பிறந்து மூன்றாம் மாதம். முன்பு ஒரு பிள்ளை ஞானஸ்நானம் கொடுக்குமுன் இறந்துவிட்டது. அதை அவருடைய மனைவி மறக்கவில்லை. மாதா கோயிலில் ஞானஸ்நானம் ஞாயிறு ஒன்பது மணிப் பூசைக்குப் பிறகுதான், வேறு நாளில் இல்லை என்று பாதர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. துண்டு ஒட்டப்பட்டதை அறிந்தபோது ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். பயமுறுத்திக் கொடுத்தாலும் லீவு லீவுதானே என்று என்னிடம் சொன்னார். மத்தியானம் ஜீப் வந்தது. அதோடு அந்த லீவும் போனது.

சனிக்கிழமை பின்னேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பேப்பர்காரர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் சாமானைத்தான் எடுப்பார், மற்றவர் உயிரை எடுப்பார், அதனால் பூட்டுங்கோ என்றேன். அவர் நெடுநேரம் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஒரு பலக எடுப்பம். ஆமி வந்தா தொறந்தீக்கி. பொடியனுகள் வந்தா பூட்டியீக்கி."

இத்தனை வருடம் அரசாங்கத்தைச் சமாளித்த வழி அது. இரண்டு அரசாங்கத்தையும் சமாளிக்கும் என்று அவர் நம்பினார். வீதியில் இன்னும் சில முதலாளிமாரும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. விற்பனையாளர் ஏழு மணிக்கு வந்து பலகையை எடுத்து, எட்டரை மணிவரை நிற்பது, பிறகு கோயிலுக்குப் போவது என்று பேச்சு. அவர் வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையுமாக வந்தார். மனைவி பிள்ளையுடன் நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு.

எட்டு மணியளவில் தோட்டத்துப் பெண்கள் இருவர் சாக்குகளோடு உள்ளே போனார்கள். அவர்கள் வெளியே வருவதற்குள் இராணுவ லொறி வந்து கம்பி வளையத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதிகாரி இறங்கவில்லை. இறங்கிய சிப்பாய்களில் ஒருவன் கடை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான். படியில் நின்ற முதலாளி, திறந்திருக்கிறது மாத்தையா என்றார். அப்படியானால் இவை என்ன என்று சிப்பாய் பலகைகளைத் துப்பாக்கியால் தட்டிக் காட்டினான். முதலாளி பதில் சொல்லுமுன் சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி, அவருடைய கெண்டைக்காலில் அடித்தான். அவர் விழுந்தார். கனத்த ஆள் விழுந்த சத்தம் என் அறைவரை கேட்டது.

விற்பனையாளரை வெளியே இழுத்தார்கள். ஒவ்வொரு பலகையாகக் கழற்றச் சொன்னார்கள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையில் அடித்தார்கள். முகத்தில் விழுந்த அடியொன்றில் வாயிலிருந்து இரத்தம் வந்து சேட்டில் இறங்கியது. வளைந்த மணிக்கட்டால் அவருக்குப் பலகையை நிமிர்த்தித் தூக்க முடியவில்லை. அதை அவர்கள் வேண்டுமென்றே தாமதிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். கழற்றியவற்றில் சிலதைக் கல்லில் சாய்த்துப் பூட்ஸ் காலால் மிதித்து முறித்தார்கள், இனிப் பூட்ட முடியாதபடி. பெண்கள் இருவரும் மா மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். மாலையில் திரும்பி வருவோம், கடை திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லொறி அடுத்த ஒற்றைப் பலகைக்குப் போனது. அங்கேயும் பலகை முறியும் சத்தம் கேட்டது.

நான் இறங்கிப் போனேன். பெண்கள் சாக்குகளை விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார்கள். கடை வாய் முழுதாகத் திறந்து கிடந்தது. எங்கள் வீதியில் ஒரு கடையை ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதலாளி கதிரையில் கால் நீட்டி இருந்தார். விற்பனையாளர் பீப்பாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மிஞ்சிய பலகைகளைத் திருப்பி மாட்டப் பார்த்தார். முறிந்தவற்றுக்குப் பதில் எதை வைப்பது என்று தெரியவில்லை. கடையை விட்டுவிட்டு மூவரும் போய்விடலாம் என்றேன். முதலாளி விற்பனையாளர் பக்கம் திரும்பினார்.

"நீங்க போங்க தம்பி. கோயிலுக்குப் போங்க. நேரமாகுது" என்றார்.

"இந்தச் சட்டையோட எப்பிடிங்க போறது? புள்ளையத் தூக்கணுமே."

அவருக்கு என் சேட்டு அளவாக இருக்கும். கழுவி மடித்தது ஒன்று அறையில் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று ஏறினேன். அவர் இரத்தம் பட்டதைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடு நின்றார்.

சேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது யன்னல் வழியாக இரண்டு இளைஞர்களைக் கண்டேன். ஒருவன் குடை பிடித்திருந்தான். மற்றவன் மழையில் நனைந்தபடி வந்தான். இருவரும் அவசரப்படவில்லை. கடைக்கு முன்னால் நின்றார்கள். அந்த நேரத்தில் விற்பனையாளர் படியில், கையில் ஒரு பலகையோடு நின்றார். அதைப் பார்ப்பவனுக்கு அவர் கழற்றுகிறாரா மாட்டுகிறாரா என்று தெரியாது.

குடை பிடித்தவன் கடையைத் திறந்தது யார் என்று கேட்டான். சாதாரணமாக விலை கேட்பது போலத்தான் கேட்டான். நல்ல சிங்களம். விற்பனையாளர் வாயைத் திறந்தார். வீங்கிய உதட்டால் சொல் வரவில்லை. உள்ளேயிருந்து முதலாளியின் குரல், நான்தான் என்று சிங்களத்தில் சொன்னது. இளைஞன் அதை ஏற்கவில்லை. விற்பனையாளரைப் பார்த்தே மறுபடியும் கேட்டான். முதலாளி கதிரையைப் பிடித்து எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு படிக்கு வந்தார்.

"என் கடை. என்னைத் தவிர வேறு யாரும் திறப்பதில்லை. இவருக்கு இன்றைக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை" என்று சிங்களத்தில் சொன்னார்.

இளைஞன் குடையை மடித்தான். துப்பாக்கி குடைக்குள் இருந்ததா இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் இருந்ததா என்பதை நான் பார்க்கவில்லை. மிக அருகில் வைத்துத் தலையில் சுட்டான். முதலாளி பின்பக்கமாகப் பருப்புச் சாக்குகளின் மேல் விழுந்தார். மற்றவன் விற்பனையாளரிடம், லீவு என்றால் வீட்டுக்குப் போ என்றான். குடை மறுபடியும் விரிந்தது. புகையிரத நிலையப் பக்கமாக நடந்து போனார்கள்.

ஆமிதான் திறந்தது என்று முதலாளி சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்று வீதியில் பல நாள் பேசினார்கள். தன் கடையை வேறொருவன் திறந்ததாகச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது என்றார் தையல்காரர். பிள்ளைக்காரனைக் காப்பாற்றினார் என்றார்கள் கோயில் பக்கம். அடிபட்ட காலோடு ஓட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றார் ஒருவர். எது சரி என்று நான் எழுத மாட்டேன். கேட்டதை எழுதியிருக்கிறேன்.

விற்பனையாளர் கோயிலுக்குப் போகவில்லை. என் சேட்டை வாங்கி முதலாளியின் முகத்தை மூடினார். ஒன்பதுக்குக் கோயில் மணி அடித்தது எங்களுக்குக் கேட்டது. மனைவி பூசை முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சேதி தெரிந்ததும் பிள்ளையோடு கடைக்கு ஓடி வந்தார். புருஷன் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வாகனக்காரர் யாரும் வரவில்லை. மாலையில் சொன்னபடியே லொறி வந்தது. அதிகாரி இறங்கினான். சாக்குகளின் மேல் கிடந்த உடலைப் பார்த்தான். சுட்டது யார் என்று கேட்டான். தெரியாது என்றார் விற்பனையாளர். கடை திறந்திருக்கிறதல்லவா, அது போதும் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

இரவில் இன்னொரு துண்டு வந்தது. துரோகியின் உடலை முழங்காலுக்கு மேல் தூக்கக் கூடாது. மறுநாள் பள்ளிவாசலிலிருந்து உடல் வைத்த சந்தூக்கை நான்கு பக்கமும் குனிந்து பிடித்து, முழங்கால் உயரத்தில், அடக்கம் செய்யும் மையவாடிவரைக்கும் கொண்டுபோனார்கள். கனத்த உடல். குனிந்த நிலையில் யாராலும் நெடுந்தூரம் போக முடியவில்லை. சில அடிக்கு ஒரு தடவை ஆள் மாறினார்கள். விற்பனையாளர் இரண்டு தடவை பிடித்தார், நல்ல கையால்.

கடை முதலாளியின் தம்பிக்குப் போனது. முறிந்த பலகைகளுக்குப் பதில் தகரம் அடித்தார். அடுத்த ஞாயிறு இராணுவம் மறுபடியும் திறக்கச் சொன்னது. அந்தத் தடவை துண்டு ஒட்டப்படவில்லை. கடை முழுதாகத் திறந்திருந்தது. விற்பனையாளர் காலையிலிருந்து மாலைவரை வேலை செய்தார்.

குழந்தைக்குப் பாதர் ஞானஸ்நானம் கொடுத்தது அதற்கடுத்த புதன்கிழமை.