சொன்னவன் ஏறும் படகு

மீன்பிடித் துறைமுகத்து டீக்கடையில் டிவி அலறுகிறது. எதிரியிடம் ஆயுதம் இருப்பதாக உளவுத்துறை உண்மையிலேயே சொன்னதா, போர் தொடுப்பதற்காகத் தலைவர்கள் அதைத் திரித்தார்களா என்று அதில் நாலு பேர் கத்துகிறார்கள். போர் முடிந்தே பல வருடமாகிறது. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பக்கத்தில் சூசை அண்ணாச்சி காய்ச்சலோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சுக்குக்காப்பி குடிக்கிறார். மணப்பாட்டுப் பக்கம் மீன் கிடக்கிறது என்று படகுக்காரர்களிடம் சொன்னது இவர்தானாம்.

"இந்தக் காய்ச்சலோட கடலுக்கா அண்ணாச்சி?"

"நாந்தான சொன்னேன்? மீன் கெடக்குன்னு சொன்னவந்தான் இங்கன மொதல்ல படகுல ஏறணும். இல்லன்னா ஒரு பயலும் ஏற மாட்டான்."

படகிலிருந்து கூப்பிடுகிறார்கள். மிச்சக் காப்பியைக் கொட்டிவிட்டு அவர் மெல்ல எழுந்து போகிறார்.

டிவியில், அன்று போரைத் தொடுத்த பழைய தலைவர், "எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் நான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறார்.