மாம்புரிக்குச் சத்தமில்லாத காரில்

கடந்த ஆவணி விடுமுறையில் கொழும்பிலிருந்து மாம்புரிக்குப் போய்வந்தேன். கற்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கடலுக்காகப் போவார்கள். நான் போனது, ஒரு கார் வாங்குவதற்கு யோசனை சொல்ல.

கார் வாங்க இருந்தவள் ஜெஸீமா. பேராதனையில் என்னுடன் படித்தவள். மன்னாரில் பிறந்து, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளத்துக்கு வந்து, மாம்புரியில் மணமுடித்து, இப்போது புத்தளம் நகரில் புவியியல் படிப்பிக்கிறாள். கணவர் ஹனீபா நானா முப்பது வருடம் உப்பு லொறி ஓட்டியவர். சீனி வருத்தத்தில் இரண்டு வருடத்துக்கு முன் பார்வை முற்றாகப் போய்விட்டது. அதுவரை அவர்தான் மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். பாடசாலைக்குப் போய்வர ஐம்பது கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குப் பெற்றோல் கட்டுபடியாக வேண்டுமென்றால் ஹைபிரிட்தான் என்று ஜெஸீமா முடிவுசெய்திருந்தாள். என்னிடம் இருப்பது போன்ற பழைய ஷேப்பா, அதாவது முந்தைய வடிவமா, அல்லது அவளுடைய தம்பி ரிஸ்வான் விற்க நினைக்கும் புது ஷேப்பா என்பதுதான் கேள்வி.

அதற்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. ஹனீபா நானா கைத்தடியுடன் தனியாகவே பள்ளிவாசலுக்கு நடந்துபோய் வருவார். வீட்டிலிருந்து முந்நூறு மீற்றர், மணல் ஒழுங்கை. ரமழானுக்குப் பிறகு ஒரு நாள் உறவினர் ஒருவரின் ஹைபிரிட் கார் பின்னால் வந்தது அவருக்குக் கேட்கவில்லை; மெதுவாகப் போகும்போது ஹைபிரிட் பெட்டரியில் ஓடும், எஞ்சின் சத்தம் இராது. காரின் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டு விழுந்துவிட்டார். காயம் பெரிதில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெஸீமா அவரைத் தனியே விடுவதில்லை. "நீ விரும்பின காரை எடு. ஆனா அதால என்னை வீட்டுக்குள்ள பூட்டாத" என்று அவர் சொல்லிவிட்டாராம். அந்த ஒழுங்கையில் இனித் தினமும் ஓடப்போவது அவளுடைய கார்தான்.

வெள்ளவத்தையிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். சிலாபத்தில் எட்டு மணி. பாணும் பருப்பும் பிளேன்டீயும் 380 ரூபா. நீர்கொழும்பைத் தாண்டும் வரை லொறிகள் அதிகம், ஆகவே ஐந்தரைக்குப் பிந்த வேண்டாம். சிலாபத்துக்கு வடக்கே பாதை நன்றாக இருக்கிறது. இடப்பக்கம் திரும்பி உடப்புக்குள் போனேன். அங்கே செல்வராசா என்ற மீன் வியாபாரி புது ஷேப் வைத்திருக்கிறார், அவருடைய மனைவி ஜெஸீமாவுடன் படிப்பிக்கிறவர். விற்கிறவன் சொல்வதை மட்டும் கேட்டுக் கார் வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். செல்வராசா காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"லீற்றருக்கு இருபத்தாறு ஓடுது மிஸ். இந்தக் கண்ணாடித் திரையில காட்டுறதை நான் நம்புறதில்ல. ஒவ்வொரு தரமும் டாங்க் நிரப்பித்தான் பாத்தது."

"குறை ஒண்டும் இல்லையா?" என்று கேட்டேன்.

"அவரைக் கேக்காதீங்க. வாங்கின ஆள் குறை சொல்லுமா?" என்று வாசலில் நின்ற அவருடைய மனைவி சொன்னார். "பின் சீற்றில ஏறிப் பாருங்க. கோயிலுக்குள்ள நுழையிற மாதிரிக் குனியணும். மேலதிகச் சில்லும் இல்ல. டயர் ஓட்டையை அடைக்க ஒரு போத்தில் பசைதான் குடுத்திருக்கான்."

"குனிஞ்சா என்ன, பக்தியாப் போகலாம்" என்றார் செல்வராசா.

அவருடன் கரையோரமாக ஒரு சுற்றுப் போனேன். இழுவை நல்லது, வளைவில் ஆட்டமில்லை. ஆனால் மெதுவாகப் போகும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. என்னுடைய காரில் அது கிடையாது. கேட்டேன்.

"ரோட்டால போற ஆக்களுக்குக் கேக்கட்டும் எண்டு கம்பனி வச்சது. வேகம் இருபத்தஞ்சு தாண்டினா நிண்டிரும். எங்கட சனம் விடுதா? ‘செல்வராசா, சில்லுப் பெயரிங் போயிட்டு போல’ எண்டு காணுற ஆளெல்லாம் துக்கம் விசாரிக்கிது."

ஜெஸீமாவின் பிரச்சினைக்கு உடப்பிலேயே பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பாலாவியில் இடப்பக்கம் கற்பிட்டி வீதி. அங்கிருந்து காற்று மாறிவிடும். ஆவணியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று ஓயாமல் அடிக்கும். வழியில் வரும் பாலத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். வழியெல்லாம் கழுதைகள். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், அசையாது. மாம்புரியில் ஜெஸீமாவின் வாசலில் நிறுத்தியபோது நேரம் பதினொன்று, மீற்றரில் 174 கிலோமீற்றர்.

முற்றத்தில் வேம்பின் கீழ் கதிரைகள் போட்டிருந்தன. ரிஸ்வான் தன்னுடைய வெள்ளைக் காருடன் முன்னரே வந்திருந்தான். பக்கத்து ஆலங்குடாக் கடலில் காற்றாடிச் சறுக்கு விளையாட வருகிற வெளிநாட்டவர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவது அவன் தொழில். சறுக்குப் பலகைகள் இந்தக் காருக்குள் அடங்கவில்லை, வேன் வாங்கப்போகிறான். விற்பதற்கு அது நேர்மையான காரணம் என்றே பட்டது.

"சுகந்தி ராத்தா, உங்கட கார் நல்ல கார்தான். எங்கட வாப்பா காலத்துக்கு" என்று தொடங்கினான்.

"உன்ட காருக்குள்ள இருந்து பின்னுக்குப் பாத்தா ஒண்டும் தெரியாது. கண்ணாடியா, தபால்பெட்டி வாயா?" என்றேன்.

"அதுக்குத்தானே கமரா!"

"கமராவில மண் பட்டா?"

"துடைக்கணும். உங்களுக்குப் படிச்ச திமிர், ராத்தா."

ஹனீபா நானா சிரித்தார். அவர் இரண்டு காரையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் பழைய ஷேப்பின் உயரத்தையும், பெட்டி வைக்கும் இடத்தையும், மேலதிகச் சில்லையும் சொன்னேன். ரிஸ்வான் இழுவையையும் எரிபொருளையும், பெட்டரிக்கு இன்னும் மிச்சமிருக்கும் உத்தரவாதத்தையும் சொன்னான். என் காரின் பெட்டரிக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் பேச்சை மறுபடி மேலதிகச் சில்லுக்குத் திருப்பினேன்.

"ரெண்டு பேரும் கதைச்சு முடிஞ்சா ஏறிப் பாக்கலாமா?" என்று எழுந்த ஹனீபா நானா, ரிஸ்வானின் காரில் ஏறும்போது நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டார்.

"பாத்தியா, இந்தக் கார் வேணாமெண்டு சொல்ல எனக்கு இதே போதும்" என்றாள் ஜெஸீமா.

அப்போதுதான் அந்த ரீங்காரத்தைப் பற்றிச் சொன்னேன். புது ஷேப் வருவது நானாவுக்குக் கேட்கும், வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை என்றேன். ரிஸ்வான் தொலைபேசியை எடுத்து எதையோ தேடத் தொடங்கினான்.

சரி, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையில் ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவானது. ஹனீபா நானா வாசல் படலைக்கு உள்ளே நின்றார், ஜெஸீமா பக்கத்தில். பேசுவதில்லை என்று அவளிடம் உறுதி வாங்கினோம். கார் வருவது கேட்டதும் அவர் கையை உயர்த்த வேண்டும்.

முதலில் என் கார். பள்ளிவாசல் முனையிலிருந்து, மனிதர் நடக்கிற வேகத்தில் வந்தேன். தேங்காய் மட்டைக் குவியலைத் தாண்டினேன், கை உயரவில்லை. வேலி மூலையைத் தாண்டினேன், உயரவில்லை. அவருக்கு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"அட, வந்திட்டீங்களா? நீங்க இன்னும் புறப்படேல்ல எண்டெல்லவா நான் நிக்கிறன்!"

ஆறு வருடமாக இந்தக் காரின் மௌனத்தை நான் எல்லோரிடமும் புகழ்ந்திருக்கிறேன். மணலில் டயர்ச் சத்தமும் எழாது, அதற்குமேல் தென்னோலைகளின் இரைச்சல் வேறு.

அடுத்தது ரிஸ்வான். நான் ஜெஸீமாவின் பக்கத்தில் போய் நின்றேன். வெள்ளைக் கார் குவியலைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது. கை உயரவில்லை. எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கார் மூன்று மீற்றருக்குள் வந்ததும் ஜெஸீமா பொறுக்காமல் கணவரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உடப்பில சத்தம் வந்ததே. உன்ட காருக்கு என்ன நடந்தது, ரிஸ்வான்?" என்று கேட்டேன்.

அவன் காரை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"கழட்டிட்டன்" என்றான். "பாக்க வந்த ரெண்டு பேர் பெயரிங் போன கார் எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதான் வயரைக் கழட்டி விட்டன். சத்தமில்லாட்டி நல்ல கார் எண்டு நினைப்பாங்கதானே."

"மச்சானுக்கு வாங்கிற காரிலயுமா?" என்றாள் ஜெஸீமா. அவளுடைய குரல் உயரவில்லை.

"அல்லாஹ்வுக்காக, ராத்தா, கழட்டின நேரம் அது எதுக்கு வச்சதெண்டு எனக்கு யோசனையே வரல்ல. எல்லாரும் குறை எண்டு சொன்னாங்க, நானும் குறை எண்டு நினைச்சன்."

நான் அவனை நம்பினேன். கண் தெரிகிறவர்கள் கூடிக் காரைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் பேசுவோம். நானும் காலையில் அந்தச் சத்தத்தைக் குறையாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

பொனற்றைத் திறந்து வயரைத் திரும்பக் கொழுவ அவனுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. மறுபடி பள்ளிவாசல் முனைக்குப் போனான். கார் குவியலைத் தாண்டியபோது கை உயரவில்லை. காற்று ஒரு மூச்சு ஓய்ந்தது. வேலி மூலைக்கு இன்னும் ஏழெட்டு மீற்றர் இருக்கையில் ஹனீபா நானா கையைத் தூக்கினார்.

"இது காரா, ஃபிரிஜ்ஜா?" என்றார். "அது நகர்ந்து வாற மாதிரி இருக்கு."

இன்னும் மூன்று தரம் ஓட்டச் சொன்னேன். இரண்டு தரம் வேலி மூலைக்கு முன்னமே கையைத் தூக்கினார். ஒரு தரம், காற்று கடுமையாக அடித்தபோது, மூலை தாண்டியபிறகுதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கருவி முழுப் பாதுகாப்பு இல்லை. மூலையில் ஜெஸீமா காரை நிறுத்தி ஒரு சின்ன ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் வருவது என்று பேசிக்கொண்டார்கள்.

"நெத்தி?" என்று ஹனீபா நானாவிடம் கேட்டேன்.

"தலை ரெண்டு தரம் இடிச்சாப் பழகிரும். கார் இடிச்சாப் பழக ஏலாது" என்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "அசர்த் தொழுகைக்கு நேரமாகுது. நான் போகவா?"

"ரிஸ்வானும் வரட்டும்."

"ரிஸ்வான் காரில வரட்டும். பின்னால, மெதுவா."

அவர் தடியைத் தட்டிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார். கார் ரீங்காரத்தோடு பின்னால் போனது. பாதி வழியில் அவர் தானாக வேலியோரம் ஒதுங்கி, முன்னால் போகும்படி கையைக் காட்டினார். கார் அவரைக் கடந்துபோனது. ஜெஸீமா படலையைப் பிடித்தபடி நின்றாள். பின்தொடரவில்லை.

அன்றிரவு ஆலங்குடாவில் தங்கினேன். காலைச் சாப்பாட்டோடு அறை 9,500 ரூபா. ஆவணியில் காற்றாடி விளையாட்டுக்காரர்களால் விலை ஏறும், பேரம் பேசலாம். தார் வீதியிலிருந்து விடுதிக்குள் போகும் மணல் பாதையில் தாழ்ந்த கார்கள் அடிவயிறு உரசும், புது ஷேப் வைத்திருப்பவர்கள் வீதியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. இராச்சாப்பாடு, கணவாய்க் கறியும் சோறும் 1,400. நன்றாகக் காய்ந்த கருவாடு வேண்டுமென்றால் மாம்புரியில் வாங்குங்கள், நகரத்தைவிடத் தரம். போகவர எல்லாமாக 358 கிலோமீற்றர். பெற்றோல் பதினேழு லீற்றர், ஐயாயிரத்துச் சொச்சம். புது ஷேப் என்றால் இதில் மூன்று லீற்றராவது மிஞ்சியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் எந்த ஹைபிரிட்டில் போனாலும் இந்தக் கரையூர் ஒழுங்கைகளில் ஒன்றை நினைவில் வையுங்கள்: மணலும் காற்றும் சேர்ந்தால் உங்கள் கார் வருவது யாருக்கும் தெரியாது. புது ஷேப் வாங்குகிறவர்கள், விற்கிறவரைக் காரை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி வெளியே நின்று கேளுங்கள். சத்தம் வராவிட்டால் காரணத்தைக் கேளுங்கள்.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் விடைபெறப் போனேன். ரிஸ்வானுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று ஜெஸீமா சொன்னாள். ஹனீபா நானா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் படலையில் நின்றார்.

"உங்கட காரில ஃபிரிஜ் இல்லையே, சுகந்தி. கண்ணாடியை இறக்கி ரேடியோவைக் கூட்டிப் போட்டுக்கொண்டு போங்க. நான் முன்னால நடக்கிறன்."

காரில் ரேடியோ கேட்கும் பழக்கம் எனக்கில்லை. நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். முதலில் அகப்பட்ட நிலையத்தில் சலவைத்தூள் விளம்பரம் ஓடியது. முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தேன். மட்டைக் குவியலருகே அவர் வேலியோரம் ஒதுங்கிக் கையைக் காட்டினார். கடந்துபோனேன். தார் வீதி வரும்வரை சத்தத்தைக் குறைக்கவில்லை.