ஆண்டவருக்கு வாங்கிய லென்ஸ்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது எனக்கு இன்றும் குத்துமதிப்புதான். கல்லூரியில் படிக்கும் மகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவாள். ஆனால் இதை அவளிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. பிழைகளோடே இருக்கட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. என் தாய்மாமாவுக்குத் திண்டிவனத்தில் சைக்கிள் கடை. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஆண்டவர் பாடுபட்டு இறந்ததை நடித்துக் காட்டும் பாஸ்காவில், எங்கள் ஊரில் வருடா வருடம் ஆண்டவர் வேஷம் அவருக்குத்தான். முகவெட்டு அப்படி. தவக்காலம் முடிவதற்குள் தாடியும் அளவாக வளர்ந்துவிடும். ஆண்டவர் கண்ணாடி போட முடியாதே. குத்துமதிப்பாகவே நடித்துவந்தார்.

முந்தின வருடம் அது வம்பாகிவிட்டது. கடைசி இராவுணவுக் காட்சியில் யூதாசிடம் நீட்ட வேண்டிய அப்பத்துண்டை மாமா தலைமைச் சீடர் இராயப்பரிடம் நீட்டிவிட்டார். இராயப்பரும் பசியில் வாங்கித் தின்றுவிட்டார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் இவனே என்று மைக்கில் வேறு வாசித்துவிட்டார்கள். இராயப்பராக நடித்தவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். வருடம் முழுக்க மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்களெல்லாம், "இன்னா இராயப்பரே, காட்டிக்கொடுத்த முப்பது வெள்ளிக்காசு கைக்கு வந்துச்சா?" என்று கேட்டார்கள். பங்குச் சாமியார் மாமாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேஷம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் விழுப்புரத்துக்கு லென்ஸ் வாங்கப் போனோம். கண்ணில் மருந்து விட்டால் திரும்பும்போது பஸ் போர்டு தெரியாது என்று என்னையும் அழைத்துப் போனார். லென்ஸ் கொடுக்கிற அம்மா ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"சைக்கிள் கடைங்க."

"தூசி ஜாஸ்தியா இருக்குமா?"

"அது பரவால்லைங்க. மூணு தடவ கீழ விழணும்."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். "யாரு?"

"நான்தாங்க. சிலுவையோட."

மாமா வெட்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான்தான் பாஸ்காவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அழணுமா?" "ஆமாங்க." "ரத்தம்?" "நெத்தியில மட்டும். கலர் தண்ணி."

பிறகு மேசைமேல் இரண்டு மாதிரி டப்பாக்களை வைத்தார். சாஃப்ட் லென்ஸ் போட்டதே தெரியாது, விழுந்து எழுந்தாலும் கண்ணை விட்டு வராது, ஆனால் தினமும் வேலை வைக்கும். கிரீஸ் கையால் தொட்டால் வீணாகிவிடும். கெட்டி லென்ஸ் பழகும்வரை உறுத்தும், தூசி போனால் உயிர் போகும், அழுத்தித் துடைத்தால் கழன்று விழுந்துவிடும். "உங்க வேஷத்துக்கு சாஃப்ட்தான் சரி," என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாமா தலையைக் குனிந்தபடி, "முகம் எதுல நல்லா தெரியும்?" என்றார்.

"உங்க பவருக்குக் கெட்டியிலதான் பளிச்சுனு தெரியும். எவ்ளோ தூரத்துல இருக்கிற முகம்?"

மாமா முழங்கையை மடக்கிப் பார்த்தார். "ஒரு முழம் இருக்குங்க."

அந்த அம்மா நோட்டை மூடினார். கெட்டி லென்ஸ் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையால் அளந்து பார்த்தேன். இராவுணவு மேசையில் யூதாஸ் மூன்று முழமாவது தள்ளி உட்காருவான். அப்பம் வாங்கக் கிட்டே வருவான்போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

லென்ஸ் வந்த பிறகு மாமா சீயக்காய் போட்டு விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழகினார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பெரிய வியாழன் அன்று அப்பத்துண்டு நேராக யூதாசிடம் போனது. ஊரே கைதட்டியது, ரேஷன் கடைக்காரர் எல்லோரையும்விட அதிகமாக.

மறுநாள் மத்தியானம் சிலுவைப் பாதை, பதினான்கு நிலைகளில் நின்று நின்று போகும். மாமா சிலுவையைச் சுமந்து தெருவில் வர, நான் எருசலேம் சிறுவனாக, இடுப்பில் லென்ஸ் டப்பாவை முடிந்துகொண்டு பக்கத்தில் நடந்தேன். முதல் தடவை விழுந்தபோதே கண்ணில் மண் போய்விட்டது. இரண்டு கையும் சிலுவையில். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. "இந்த வருசம் இன்னாமா அழறாரு பாரு," என்று பெண்களும் அழுதார்கள்.

"மாமா, கழட்டிடு. நான் டப்பா வெச்சிக்கினுதான் கீறேன்," என்றேன் மெதுவாக.

"ஆறாவது நிலை வரட்டும்டா. சும்மா வா."

ஆறாவது நிலையில் வெரோணிக்கம்மாள் வந்து ஆண்டவரின் முகத்தைத் துடைப்பாள். அந்த வேஷம் கன்னியர் மடத்துத் தையல் டீச்சருக்கு. அவருடைய சைக்கிளுக்கு மட்டும் வாரம் ஒருமுறை காற்று இறங்கும். மாமா கடைக்குத்தான் கொண்டுவருவார். மாமா டயரையே பார்த்து வேலை செய்வார், டீச்சர் ரோட்டையே பார்த்து நிற்பார்.

அன்று டீச்சர் எதிரே வந்து நின்றார். மாமா நிமிர்ந்து பார்த்தார். அத்தனை மண்ணோடும் இமைக்காமல் பார்த்தார். டீச்சர் துடைத்தார். துடைத்த துணியைப் பார்த்தவர், சட்டென்று கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

வெரோணிக்கம்மாள் துடைத்த துணியில் ஆண்டவரின் முகம் பதிந்துவிட்டதாகச் சொல்வார்கள்; அதற்காக உள்மடிப்பில் திருமுகம் முன்னமே வரைந்திருந்தது. அதை விரித்துக் காட்ட வேண்டும். மைக்கில், "திருமுகத்தைப் பாருங்கள்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். டீச்சர் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யூதாசையே ஒழுங்காகக் கண்டுபிடித்த வருடத்தில் இவர் கெடுத்துவிட்டாரே.

பாஸ்கா முடிந்ததும் நேராக டீச்சரின் அண்ணனிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர்தான் மாமாவைச் சாட்டையால் அடித்துவந்த சேவகர். அட்டைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் கோயில் பின்னால் போய்த் தங்கையை நிறுத்தினார்.

"கையில இன்னாத்த வெச்சிக்கினு நின்ன?"

டீச்சர் கையைத் திறந்தார். துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது லென்ஸ்.

"அவரு கண்ணு இருந்துச்சி. உதறினா போயிடாதா?"

"போனா உனக்கு இன்னா?"

டீச்சர் என்னிடம் டப்பாவைக் கேட்டு வாங்கி, லென்ஸை அதில் வைத்து மூடினார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். சுவரோரம் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற ஆண்டவரைப் பார்த்தார். சாட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவர் இரண்டு பெரியவர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த மாதம் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். திருமுகத்தைக் காட்டாத குற்றத்துக்கு டீச்சரை மாமாவுக்குக் கட்டிவைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்காமல் கல்யாணத்தன்று அவரிடம் சொன்னேன்.

"டீச்சர், நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உட்றா. தண்டனைய நான் அனுபவிச்சிக்கிறேன்."

அப்புறம் அவர் எனக்கு அத்தையானார். ஊர் முழுக்கப் பார்த்திருக்க, அந்த இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ள அனுமதி இருந்த இடம் ஆறாவது நிலை ஒன்றுதான் என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் உறைத்தது.

போன சனிக்கிழமை மகளுக்கு லென்ஸ் வாங்க அதே விழுப்புரத்துக்குப் போனோம். இப்போது தினம் ஒன்று போட்டு எறிகிற லென்ஸ்கூட இருக்கிறது. கடைப் பெண் எல்லா வகையையும் பரப்பி வைத்துவிட்டு, "இத்தனை நாள் கண்ணாடிதானே போட்டீங்க, இப்ப எதுக்கு லென்ஸ்?" என்று கேட்டாள். மகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பஸ் வருதான்னு பாத்துட்டு வர்றேம்மா," என்று சொல்லி வெளியே வந்து நின்றுகொண்டேன். வெகுநேரம் உள்ளே போகவில்லை.

எழுதி முடித்தது: 2024 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை.