பிராங்க்ஃபர்ட்டா, ஆம்ஸ்டர்டாமா?

பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவள் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்துவந்தாள். கனத்த ரெக்சினை மடித்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு பிதுங்காமல் ஓரம் பிடித்துத் தைப்பதில் அங்கே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டறையில் எல்லாருக்கும் அவள் ‘சீட்டக்கா’. ஐம்பத்தேழு வயது. கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை மட்டும். அவளும் கடல் தாண்டி இருந்தாள்.

சீட்டக்கா வாய்க்காரி. நூல் மட்டமாக வந்தால் முதலாளியையே நிற்கவைத்துக் கேட்பாள். ஆனால் சீருடை போட்ட ஒருவரோ, கையில் முத்திரை வைத்திருக்கும் ஒருவரோ எதிரே வந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் அம்மாவோடு ஓர் அலுவலக பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான்காம் நாள் அம்மா எழுந்துபோய் ஏதோ கேட்க, அதிகாரி எல்லார் முன்னாலும் அம்மாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் அவள் நிற்கச் சொன்னால் நிற்பாள், போகச் சொன்னால் போவாள்.

தங்கை நாட்டை விட்டுப் போனது பதினோரு வருடத்துக்கு முன்னால். உயிருக்குப் பயந்து போனவள். அடைக்கலம் கொடுத்த நாடு அவளுக்கு ஒரு பயணப் புத்தகமும் கொடுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சொந்த நாட்டுக்கு மட்டும் வர முடியாது. அங்கே ஒரு முதியோர் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைக்கும் வேலை. கூடப் போன கணவன் மூன்றாம் வருடமே வேறு பக்கம் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் பண்ணுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அக்கா, கத்தாம கேளு. வயித்துல இருந்த கேன்சர் ஈரலுக்கும் போயிடுச்சாம்” என்றாள்.

சீட்டக்கா கத்தவில்லை. “டாக்டர் என்னடி சொல்றாரு?”

“இப்ப கொஞ்சம் நடக்கலாம், பிளேன்ல போகலாம். மூணு மாசம் போனா ரெண்டுமே கஷ்டம்னு சொல்றாரு.”

சீட்டக்கா விசாவுக்கு எழுதிப் போட்டாள். மறுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை இணைத்து மறுபடி போட்டாள். வந்தவர் திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லை என ஒரு வரி எழுதி அதையும் திருப்பிவிட்டார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

பட்டறையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு டிக்கெட் கடை. அதில் மின்விசிறி ஆளைப் பார்த்துச் சுற்றாது, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றும். டிக்கெட்காரர் இரண்டு மறுப்புக் கடிதங்களையும் வாசித்துவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“அங்க போக முடியாதுன்னா நடுவுல எங்கயாவது பாத்துக்கலாமேம்மா.”

“நடுவுலன்னா?”

“ஏர்போர்ட்ல. பிளேன் மாறுறவங்க உக்கார்ற இடத்துல. வெளிய போகாம உள்ளயே இருந்தா அந்த நாட்டு விசா வேண்டாம். உங்களுக்கு யூரோப் வழியா எங்கயாவது ஒரு டிக்கெட் போடுவோம், விசா கேக்காத ஊரா பாத்து. தங்கச்சியோட புத்தகத்துக்கு அந்த ஊர்ல விசா கேப்பாங்க, அதனால அவங்க அந்தப் பக்கத்துலேருந்து ஏர்போர்ட் வரைக்கும் வந்து அன்னைக்கே திரும்பிடட்டும்.”

சீட்டக்கா மறுப்புக் கடிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். “எந்த ஏர்போர்ட்டுங்க?”

“அதைத்தான் பாக்கணும்.”

லண்டன் முதல் நாளே அடிபட்டுப்போனது. அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு அங்கே பிளேன் மாறவும் விசா வேண்டும் என்றார் டிக்கெட்காரர். பாரிஸில் அக்கா இறங்குவது ஒரு கட்டிடம், தங்கை இறங்குவது வேறொரு கட்டிடம்; நடுவில் பஸ் பிடித்து, மறுபடி சோதனைக்கு நிற்கவேண்டும். மிச்சம் இரண்டு. பிராங்க்ஃபர்ட்டில் இருவரும் ஏழு மணி நேரம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அங்கேயும் இரண்டு கட்டிடம், நடுவில் சின்ன ரயில். ஆம்ஸ்டர்டாமில் எல்லாம் ஒரே கூரை, ஆனால் நேரம் மூன்றரை மணிதான்.

டிக்கெட்காரர் இரண்டுக்கும் வரைபடம் அச்செடுத்துக் கொடுத்தார். சீட்டக்கா அவற்றைத் தையல் மெஷின் மேல் ஒட்டிவைத்து, சாப்பாட்டு வேளையில் அளவு நாடாவால் தூரம் அளந்தாள். மற்ற பெண்கள், “சீட்டக்கா பைலட் ஆகப் போறாங்க” என்று சிரித்தார்கள். முதலாளி எட்டிப் பார்த்து, “ஊருக்கெல்லாம் சீட்டு தச்சுட்டு நீ இப்ப சீட்டுக்கு அலையுறியா?” என்றார். பிறகு என்ன விஷயம் என்று யாரோ சொல்ல, ஐந்து நாள் விடுப்பை அவரே எழுதிக்கொடுத்தார்.

தங்கைக்கு பிராங்க்ஃபர்ட்தான் பிடித்திருந்தது.

“ஏழு மணி நேரம்க்கா. கொஞ்சம் தூங்கிக்கூட எழுந்திருக்கலாம்.”

“ரயில் ஏறணும்டி. உன்னால நிக்க முடியாது.”

“சக்கர நாற்காலி தருவாங்க.”

“ரயிலு, லிஃப்ட்டு, மறுபடி சோதனைன்னு நிக்கவச்சா என்ன பண்ணுவ? யாரு கேப்பாங்க உனக்காக? ஆம்ஸ்டர்டாம்னா நான் நடந்தே உன் வாசலுக்கு வந்துடுவேன்.”

தங்கைக்குச் சின்னதிலிருந்தே பள்ளிக்கூடப் பையிலிருந்து செருப்பு வரைக்கும் அக்கா தேர்ந்தெடுத்ததுதான். “சரி, உன் இஷ்டம்” என்றாள்.

கிளம்பும் முன் சீட்டக்கா மிச்ச ஸ்பாஞ்சை வெட்டி, மெத்தென்ற நீலத் துணியில் ஒரு முதுகுத் தலையணை தைத்தாள். நாற்காலியில் சாய்ந்தால் இடுப்பெலும்பு குத்துகிறது என்று தங்கை சொல்லியிருந்தாள்.

ஆம்ஸ்டர்டாமில் அவள் காலை ஏழரைக்கு இறங்கினாள். தங்கையின் விமானம் எட்டேகாலுக்கு வரவேண்டும். அக்காவின் அடுத்த விமானம் பன்னிரண்டுக்கு. தங்கை திரும்பும் விமானம் ஒன்றுக்கு. அளந்துவைத்த வழியிலேயே நடந்து, தங்கை வரும் வாசலுக்கு எதிரே ஒரு நாற்காலியில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைச் சுவர் எழுப்பிவிட்டதுபோல் மூடுபனி.

விமான நேரம் காட்டும் பலகையில் எட்டேகால் ஒன்பதானது. ஒன்பது ஒன்பதரையானது. பிறகு நேரமே போடாமல் ஒரு மஞ்சள் கோடு மட்டும் நின்றது. மேசையில் இருந்த சீருடைப் பெண்ணிடம் போய்க் கேட்கலாமென்று சீட்டக்கா இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் பாதி தூரம் போய்த் திரும்பினாள். பசித்தது, இடத்தை விட்டு நகரப் பயந்து எதுவும் வாங்கவில்லை. பதினோரு மணிக்குப் பலகையில் ‘இறங்கியது’ என்பதற்கான பச்சை விளக்கு எரிந்தது.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு, பதினொன்று பதினேழுக்கு, ஓர் ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் இருந்தது யாரோ ஒரு கிழவி என்று நினைத்துச் சீட்டக்கா பார்வையை வேறு பக்கம் திருப்பினாள்.

“அக்கா.”

நாற்பத்தைந்து வயதுக்காரி. தலையில் கம்பளித் தொப்பி, அதன் கீழே முடி இல்லை. கண் மட்டும் பழைய கண்.

சீட்டக்கா கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் திட்டினாள். “என்னடி இது, காலுறை போடாம வந்திருக்க? இந்தக் குளிர்ல?”

“கால் வீங்கியிருக்குக்கா. போட முடியல.”

அப்போதுதான் சீட்டக்கா குனிந்து பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களை மடியில் எடுத்துவைத்துத் தேய்த்தாள். தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகினாள். “நல்லா இருக்கா?” என்று கேட்டாள். “நல்லா இருக்கு” என்றாள் தங்கை. அம்மாவின் போட்டோவை யார் வைத்திருக்கிறார்கள் என்று பேசினார்கள். பக்கத்து வீட்டு நாய் செத்ததைப் பேசினார்கள். அந்த விடுதியில் ஒரு கிழவர் தங்கையைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு தினமும் திட்டுவாராம். அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் தங்கைக்கு இருமல் வந்து அடங்க நேரமானது.

ஒலிபெருக்கியில் அக்காவின் விமானத்தைக் கூப்பிட்டார்கள். நாற்காலி தள்ளிவந்த ஊழியர் அக்காவின் பயணச் சீட்டை வாங்கிப் பார்த்து, வாசல் மூடப்போகிறது என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் சாதாரணமாகத்தான் காட்டினார். ஆனால் அவர் மேல் சீருடை இருந்தது.

சீட்டக்கா எழுந்தாள்.

“இன்னும் கொஞ்சம் இரேன்க்கா” என்றாள் தங்கை. “எனக்கு ஒரு மணிக்குத்தானே.”

“பிளேன் போயிடும்டி. அப்புறம் என்னைப் பிடிச்சு உக்காரவச்சுட்டா? விசாகூட இல்லாம நிக்கிறேன்.”

தங்கை அவள் கையைப் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். “சரி, போ. பயப்படாத. ஒரே கூரைன்னு நீ சொன்னது நல்லதாப் போச்சு. ரயில்னா இதுவும் கிடைச்சிருக்காது.”

சீட்டக்கா ஓடினாள். மூச்சிரைக்க வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஏழு வாரம் கழித்துத் தங்கை இறந்தாள். விடுதியில் கூட வேலை பார்த்த பெண் போனில் சொன்னாள். அடக்கத்துக்குப் போக வழியில்லை. பட்டறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். “அந்த பிராங்க்ஃபர்ட்டுக்கே போயிருக்கலாம், பனியைப் போய் யாரு கண்டா” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சீட்டக்கா மறுக்கவில்லை. யார் கேட்டாலும் அவளும் அதையே சொன்னாள்: “ஏர்போர்ட்டைத் தப்பா எடுத்துட்டேன்.”

அடுத்த மாதம் அவள் டிக்கெட் கடைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று துக்கம் கேட்டார். அவள் உட்காராமலே, “ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அன்னைக்கு நான் அந்த பிளேனை விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? பிடிச்சு வச்சிருப்பாங்களா?”

அவர் வேறொருவருடைய டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “பிடிக்கிறதாவது! அங்க அன்னைக்கு நூறு பேரு பிளேனை விட்டிருப்பாங்கம்மா. அடுத்த பிளேன்ல மாத்திக் குடுத்திருப்பாங்க. அது வரைக்கும் அங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “எதுக்கும்மா கேக்குறீங்க?” என்றார் மெதுவாக.

“சும்மாதான்.”

அவள் பட்டறைக்குத் திரும்பினாள். நாற்பத்திரண்டு இருக்கை கொண்ட ஒரு வண்டி அன்று வந்திருந்தது. மூன்று நாள் வேலை. யாரிடமும் பேசாமல் இரண்டே நாளில் அத்தனையும் தைத்துப் போட்டாள். “ஏன் இப்படி மாடு மாதிரி உழைக்கிற? வீட்டுக்குப் போ” என்றார் முதலாளி. போகச் சொன்னார் என்பதற்காக அவள் எழுந்திருக்கவில்லை. மெஷினை அணைக்காமல், அவர் பூட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.