‘வீட்டுக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டேன்

போன மாதம் ஈப்போ புந்தோங் பசாரில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டார்.

சண்டையா? இல்லை. மனத்தாங்கலா? அதுவும் இல்லை. தவுகே என்கிற முளைப்பயறு விற்கும் கடைக்குப் பின்னால், அடுக்கி வைத்த கூடைகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அஞ்சலை அக்கா. அவருடைய கணவர் மணியமும் என் வீட்டுக்காரரும் ஈயம் தோண்டும் ஒரே லம்பத்தில், ஒரே கப்பலில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். குளத்தில் மிதந்தபடியே மண்ணை அள்ளி ஈயம் பிரிக்கும் அந்தப் பெரிய இரும்புக் கப்பலில்தான்.

ஈய விலை விழுந்தது. லம்பத்தை மூடினார்கள். இந்தப் பகுதியைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்... உங்கள் வீட்டிலும் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

முன்பெல்லாம் சம்பளம் வாங்கியதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, கப்பல்காரர் குடும்பங்கள் நான்கும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆட்டுக்கறி, கோழிப் பிரட்டல், பிள்ளைகளுக்குப் பாட்டில் பாட்டிலாக ஆரஞ்சு. லம்பம் மூடியதும் அந்தக் கூட்டமும் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாக நின்றது.

அஞ்சலை அக்கா ஏன் ஒளிந்தார் என்பது எனக்கு உடனே புரிந்தது. என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். வந்தால் தட்டில் ஏதாவது வைக்க வேண்டும் – அங்கேதான் சிக்கல்.

நேராகப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்கு வாங்க.”

வாய் முந்திக்கொண்டது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போனது. போதாததற்கு, மற்ற இரண்டு வீட்டுக்கும் அவரையே சொல்லிவிடச் சொன்னேன்!

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் தர்மலிங்கம். ஈப்போவில் இருக்கிற பட்டறை எல்லாம் ஏறி இறங்கி, ‘பிறகு வந்து பாருங்கள்’ என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, பேச்சையே குறைத்துக்கொண்டவர். பாலர் பள்ளியில் எனக்குக் கிடைக்கிற சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே வாய் திறப்பதில்லை.

“என்னாத்த வச்சுப் போடப்போறே?” என்றார்.

நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். நான்கு குடும்பம், பெரியவர்களும் பிள்ளைகளும். கோழியை மறந்துவிடலாம். ஆட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நம்மிடம் இல்லாததையே எண்ணிக்கொண்டிருந்தால் கூப்பிட்டவர்களைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். இருப்பது என்ன?

கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு வாழைத்தார் பழுத்துக் கிடந்தது. கேட்டதும் இரண்டு சீப்பு கொடுத்தார்கள். புந்தோங்கில் குடியிருந்துகொண்டு தவுகேக்குக் கவலைப்படலாமா? இங்கே முளைத்துத்தானே ஊர் முழுக்கப் போகிறது. மீகூன், அதுதான் அரிசிச் சேமியா, மலிவு. காய்ந்த மிளகாய் வீட்டில் உண்டு. நெத்திலி கொஞ்சம் வாங்கினால் போதும், அரைத்துப் போட்டால் சட்டி முழுக்க மணக்கும். பிள்ளைகளுக்கு ஐஸ் போட்ட சிரப் தண்ணீர். பெரியவர்களுக்குத் தே-ஓ, பால் இல்லாத வெறும் தேநீர்.

ஞாயிறு மதியம் கிழங்கை வேகவைத்துவிட்டு, மீகூனை ஊறப்போட்டு, என் கைச்சட்டியைப் பார்த்தேன். அதில் வதக்கினால் ஆறு தடவை வதக்க வேண்டும். அப்போதுதான் என் வீட்டுக்காரர் சாமான் கொட்டகைக்குள் போனார். லம்பம் மூடிய அன்று சாக்கில் சுற்றி அவர் கொண்டுவந்த பெரிய இரும்புச் சட்டியோடு வந்தார். பழைய இரும்புக் கடைக்குப் போடத்தான் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தேய்த்துக் கழுவி, முற்றத்தில் கல் கூட்டி, கரி போட்டு நெருப்பு மூட்டினார்.

நான் கரண்டியை எடுத்தேன். கொடு என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் தண்ணீர் கூடச் சுடவைத்து நான் பார்த்ததில்லை. அடுப்பங்கரை வாசல் வரை வந்து, ‘தே ஆச்சா?’ என்று கேட்பதோடு சரி. அவர்தான் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றி, பூண்டு சிவக்கும்வரை பொறுத்து, மிளகாயையும் நெத்திலியையும் வாசம் மாறும்வரை பிரட்டி, மீகூனை இரண்டு கையாலும் உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்று வாழைப்பழத்துக்கு மாவு கரைத்தேன். வேறு என்ன செய்ய?

முதலில் வந்த இரண்டு குடும்பமும் ‘சாப்பிட்டுத்தான் வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அஞ்சலை அக்கா கடைசியாக வந்தார். மணியம் அண்ணன் கேட்டைத் தாண்டவில்லை. வெறுங்கையோடு வந்ததாலோ என்னவோ, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசம் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். திரும்பினார். சட்டியைப் பார்த்தார்.

“டேய் தர்மா, இது நம்ம கப்பல் சட்டிதானே?”

“ஆமாலா. வேற யாரு சட்டி?”

மணியம் அண்ணன் உள்ளே வந்து நெருப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நான் மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கப்பலில் ராத்திரி ஷிப்ட் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் சமையலாம். மற்றவர்கள் காசு சேர்த்து வாங்கிய சட்டியாம் அது. இவர் மீகூன் வதக்குகிற நாளில் ஒருவனும் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக மாட்டானாம்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “நீ கேக்கலையே” என்றார், அமைதியாக.

அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. பிள்ளைகள் வாழைப்பழப் பொரியலைச் சூடாகவே பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிய கிழங்கு, வெட்டிய வாழையிலையில் கை மாறிக் கை மாறிப் போனது. ஆரஞ்சு ஏன் இல்லை என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. சிரப் பூசிய சிவப்பு நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டுவதிலேயே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. சாப்பிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது தடவை இலையை நீட்டினார்கள்!

தே-ஓ குடிக்கும்போதுதான் மணியம் அண்ணன் மெல்லச் சொன்னார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஆயர் தாவார் போகிறார்களாம். தம்பி இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் வேலை இருக்கிறதாம். யாருக்கும் சொல்லாமலே போய்விட நினைத்தாராம்.

“எங்கப்பா ரப்பர் தோட்டத்த விட்டு எங்கள வெளிய கொண்டாந்தாரு. நான் மறுபடியும் தோட்டத்துக்கே போறேன். அத எப்படிச் சொல்லிக்கிட்டுப் போறது?”

அஞ்சலை அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பசாரில் கூடைகளுக்குப் பின்னால் அவர் மறைக்கப் பார்த்தது இதையும் சேர்த்துத்தான்.

என் வீட்டுக்காரர் கரண்டியால் சட்டியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர் என்றேனே, அவர்தான் பேசினார்.

“லம்பத்துக்கு வந்ததும் வேலைக்குத்தான். தோட்டத்துக்குப் போறதும் வேலைக்குத்தான். இதுல ஒளிய என்னா இருக்கு? நீ போய் வீட்டத் தயார் பண்ணு. அடுத்த மாசம் நாங்க எல்லாரும் வாரோம். நீ ஒன்னும் வாங்காதே, சட்டிய நான் தூக்கிக்கிட்டு வாரேன்.”

மணியம் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கரிப்புகை என்றார். நெருப்பு அப்போது அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

வேலையில்லாத ஒரு மனிதர், தன் வீட்டு முற்றத்தில் நிமிர்ந்து நின்று, இன்னொரு மனிதரை நிமிர வைத்தார். நான் கட்டிக்கொண்ட ஆள்தான் அவர் என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அன்று சொல்லவில்லை. அதனால் என்ன, இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

போனோமா? போகாமலா! நேற்றைய ஞாயிறு மூன்று குடும்பமும் லூமுட் பஸ்ஸில் ஏறினோம். சட்டிக்கு டிக்கெட் உண்டா என்று என் வீட்டுக்காரர் கேட்க, கண்டக்டர் சிரித்துவிட்டு அதை டிரைவர் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆயர் தாவாரில் இறங்கியபோது மணியம் அண்ணன் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார், துவைத்துத் தேய்த்த சட்டையோடு.

தோட்டத்து லயத்தில் அவர் எங்களை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று, ‘இவங்க எல்லாம் என் கப்பல் கூட்டாளிங்க, ஈப்போவுல இருந்து என்னப் பாக்க வந்திருக்காங்க’ என்று சொல்லி முடித்துத்தான் கூட்டிப் போனார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அஞ்சலை அக்கா கிழங்கை அவித்து மலைபோலக் குவித்து வைத்திருந்தார். யாரோ முருங்கைக்கீரை கொண்டுவந்தார்கள், யாரோ கருவாடு. வந்த கூட்டத்துக்கு மீகூன் போதாது என்று நான் பயந்தேன்... போதும்போதும் என்று மிஞ்சியது.

என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்போது காலையில் முகம் மழித்துக்கொண்டு தேடப் போகிறார்.

உங்கள் தெருவிலும் யாராவது உங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகிறார்களா? கூப்பிடுங்கள். என்ன சமைப்பது என்று பிறகு யோசிக்கலாம்.